வாப்பா இட்ட கையொப்பம்



அண்மையில் கோவிலம்பாக்கத்தில் ஒரு வலீமா விருந்துக்குச் சென்றிருந்தோம். ஒரு தலைமுறைக்கு முன் வயலும் ஏரியுமாய் இருந்த ஊர் அது. இன்று இருநூறடி ரேடியல் சாலையின் இருமருங்கிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் தஞ்சைக் கரையூர்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே வீடு வாங்கித் தங்கிவிட்டன. ஒரு சஹனைச் சுற்றி நால்வராக அமர்ந்து உண்டுகொண்டிருக்கையில், எதிரில் இருந்த பெரியவர் பேச்சைத் தொடங்கினார்கள். மூன்று கடைகளும் ஒரு கிடங்கும் உடையவர்கள். ஆலோசகர் ஒருவர் அவர்களிடம் இரண்டு திட்டங்களைக் கொடுத்திருக்கிறார். கரீபியத் தீவு ஒன்றின் குடியுரிமை, குடும்பம் முழுவதற்கும் பாஸ்போர்ட்டுடன். அல்லது அமீரகத்தின் பத்தாண்டு கோல்டன் விசா. “எது நல்லது?” என்று நம்மிடம் கேட்டார்கள்.

நாம் வழக்கறிஞர் அல்லோம், வரலாறு படிப்பவர்கள். ஆகவே அன்று ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆனால், விருந்து முடிந்து அவர்கள் இல்லத்தில் தேநீர் அருந்தியபோது, கருவுற்றிருந்த அவர்களுடைய மருமகள் கதவருகில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டார்: “மாமா, அந்தப் பாரத்தில் பிள்ளைகள் பெயர் எழுதுகிற கட்டம் இருக்கிறதே, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அதில் என்ன எழுதுவீர்கள்?” பெரியவர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்த ஒவ்வொரு நாட்டிலும் இந்தக் கட்டம் இருந்திருக்கிறது. அதில் வாப்பா எழுதியதும் எழுதாமல் விட்டதுமே பல குடும்பங்களின் பிற்காலத்தைத் தீர்மானித்திருக்கிறது. அந்த மகளாரின் கேள்விக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறோம்.

நம் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதைச் ‘சபர்’ என்பார்கள், போனவர் ‘சபராளி’. பயணம் என்ற பொருளுடைய அரபுச் சொல் அது. அதில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது: போனவர் எத்தனை ஆண்டு தங்கினாலும் பயணிதான், வீடு ஊரில்தான். மார்க்கச் சட்டமோ இவ்வளவு நெகிழ்வானதன்று. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தவர் முஸாபிர் அல்லர், முகீம். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். தொழுகையைச் சுருக்கலாமா கூடாதா என்பது அவர் எண்ணத்தைப் பொறுத்தது. ஹனஃபி அறிஞர்கள் இன்னும் ஒரு விதி சொல்வார்கள்: கணவனுடன் பயணம் செய்யும் மனைவி இந்த விஷயத்தில் கணவனைப் பின்தொடர்பவள், அவனுடைய நிய்யத்தே அவளுடைய நிலையையும் முடிவு செய்யும். இந்த விதியை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னாளில் ஓர் அரசு இதைத் தலைகீழாக்கியது.

கொழும்புப் புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனவர்கள் சிவப்பும் வெள்ளையுமாய் வரியிட்ட பள்ளிவாசலைப் பார்த்திருப்பார்கள். 1908-இல் தொடங்கி மறு ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதன் பெயர் ஜாமிஉல் அல்ஃபார். நம்மவர் வாயில் அது ‘சம்மாங்கோட்டுப் பள்ளி’. கட்டியவர்கள் நம் கரையிலிருந்து போன வணிகர்கள். இலங்கைச் சோனகர் அவர்களைச் ‘சம்மான்காரர்’ என்றார்கள். ஆங்கில அரசின் மக்கள்தொகைக் கணக்கு அவர்களை ‘இந்தியச் சோனகர்’ என்று தனியே எண்ணியது. தொழுகையில் ஒரே ஸஃப்பில் நின்றவர்கள், கணக்கெடுப்பில் இரண்டு வரிசையில் நின்றார்கள். அந்தக் காலத்தில் அது யாரையும் உறுத்தவில்லை. இரு கரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. தோணியோ கப்பலோ ஏறினால் போதும். குடியுரிமை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கத் தேவை இருக்கவில்லை.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாக்கியது. அதனால் பெருந்துயருக்கு ஆளானவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். அந்த வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு சிறு வாயில் இருந்தது. பொதுச்சேவையாலோ, தொழில், வணிகம், வேளாண்மை போன்ற துறைகளாலோ சிறந்து விளங்குபவர்களை ஆண்டுக்கு 25 பேருக்கு மிகாமல் அமைச்சரே குடிமக்களாகப் பதிவு செய்யலாம். இன்று ‘முதலீட்டாளர் குடியுரிமை’ என்று விற்கப்படுவதன் மூத்த உறவினர் இது எனலாம். செல்வர்க்கென ஒரு தனிக்கதவு, அதன் சாவி அமைச்சர் கையில்.

மற்ற வணிகர்களுக்கு இருந்த வழி 1949-ஆம் ஆண்டின் ‘இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் குடியுரிமைச் சட்டம்’. விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள். 1951 ஆகஸ்டு 5-ஆம் நாளோடு கதவு மூடப்பட்டது. நிபந்தனைகளைப் பாருங்கள். 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே, மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இலங்கையில் தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்ப நாள் வரையிலும் வசித்திருக்க வேண்டும். இடையிடையே ஊர் போய் வரலாம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாவிட்டால் தொடர்ச்சி முறியாது. நியாயமான, நிலையான வருமானம் இருக்க வேண்டும். இதுவரைக்கும் நம் வணிகர்களுக்குக் கவலை இல்லை. வருமானம் இருந்தது. நோன்புக்கோ பெருநாளுக்கோ பிள்ளையின் திருமணத்துக்கோ ஊர் வந்து சில மாதங்களில் திரும்புவதுதான் அவர்கள் வழக்கம்.

அடுத்த நிபந்தனையில்தான் அடி விழுந்தது. மனைவியும், தந்தையைச் சார்ந்து வாழும் சிறுவயதுப் பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது சட்டம்.

கீழக்கரையையும் காயல்பட்டினத்தையும் அறிந்தவர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். அவ்வூர்களில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்தால் அவளுக்கென ஒரு வீடு என்பது தகப்பனாரின் கடமை. மணமானபின் மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். பெண்கள் ஊரைவிட்டுக் கப்பல் ஏறுவது அரிது. உம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே தெருவில், பெண்களுக்கென்றே அமைந்த சந்துகளால் இணைந்த வீடுகளில் வாழ்ந்தார்கள். கணவன்மார் கொழும்பிலிருந்து அனுப்பும் கடிதங்களை அரபுத்தமிழில் படித்து, அரபுத்தமிழிலேயே மறுமொழி எழுதினார்கள். அது ஒரு கௌரவமான, பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் கொழும்பில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அதிகாரிக்கு அது ஒரே ஒரு செய்தியைத்தான் சொன்னது: இந்த மனிதரின் இல்லம் இலங்கையில் இல்லை.

முன்னே சொன்ன ஹனஃபி விதியை இப்போது எண்ணிப் பாருங்கள். அங்கே மனைவி கணவனின் நிய்யத்தைப் பின்தொடர்கிறாள். இலங்கைச் சட்டத்திலோ கணவனின் நிய்யத்தை மனைவியின் இருப்பிடம் தீர்மானித்தது. முப்பது ஆண்டுகள் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவரானாலும், சட்டத்தின் கண்ணில் அவர் முஸாபிர்தான். அது மட்டுமன்று. ஊருக்குப் பணம் அனுப்பியதும், ஊரில் நிலம் வாங்கியதும்கூட நிலையாகத் தங்கும் எண்ணம் இல்லாமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மனைவிக்குச் செலவுக்கு அனுப்புவது மார்க்கக் கடமை. அந்தக் கடமையைச் செய்ததற்கான ரசீதே விண்ணப்பத்துக்கு எதிரான ஆவணமானது.

அச்சட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பங்கள் சுமார் 2,37,000. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். பெரும்பான்மையோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். 1960-களின் தொடக்கத்தில் பரிசீலனை முடிந்தபோது குடியுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். குடியுரிமை பெறாத வணிகர்கள் தற்காலிகத் தங்கு அனுமதியில் காலம் தள்ளினார்கள். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அலுவலகப் படி ஏற வேண்டும். கிடைக்காவிட்டால் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டும். இலங்கைக் குடிமகனான நண்பரின் பெயருக்கோ, அங்கேயே மணம் செய்துகொண்ட உறவினரின் பெயருக்கோ மாற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் நம்பிக்கையின் பேரில் பெயர் மாற்றப்பட்ட சொத்து, மாற்றியவரும் மாற்றிக்கொண்டவரும் மௌத்தானபின் எவருடையது? ஃபராயிள் பங்கீட்டில் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இந்தக் கேள்வியால் பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவுகளை நம் ஊர்களில் இன்றும் காணலாம்.

ஏன் அவர்கள் முன்கூட்டியே திட்டமிடவில்லை என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். முத்திலும் மணிக்கல்லிலும் துணியிலும் அரைக்காசு நட்டத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர்கள். தங்கள் வாழ்க்கை முறையே ஒரு நாள் ஒரு சட்டப் பிரிவாக அச்சேறி வரும் என்பதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். நாகூரிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சி. காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்கள் பிரெஞ்சுக் கொடியின் நிழலில் இந்தோசீனாவுக்குப் போனார்கள். சைகோன் நகரில் துணிக்கடை, நாணய மாற்று, வட்டாரக் கொள்முதல் என்று பல தொழில்கள். நகரின் நடுவே டோங் டூ தெருவில் 1935-இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. இன்றும் தொழுகை நடக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியில் குடியுரிமை ஒரு வினோதமான விலைக்குக் கிடைத்தது. 1881 செப்டம்பர் 21 நாளிட்ட ஆணை ஒன்று, பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் தம் சமயஞ்சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். குடும்பப் பெயர் ஒன்றையும் பூண்டுகொள்ள வேண்டும். இந்தோசீனாவில் அரசு வேலை பார்த்தவர்களுக்கு இதனால் ஊதியத்திலும் வாக்குரிமையிலும் கண்கூடான பயன் இருந்தது. ஆணையின் வாசகம் கவனிக்கத்தக்கது: துறப்பு இறுதியானது, மீளப்பெற முடியாதது, துறந்தவரோடு அவர் மனைவியும் மைனர் பிள்ளைகளும் அதற்குள் அடங்குவர். ஒருவர் பதிவாளர் முன் கையொப்பமிட்டால் வீட்டில் உறங்கும் குழந்தைக்கும் சட்டம் மாறிவிடும்.

ரெனோன்சான் ஆனவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும், சாதிக் கொடுமையிலிருந்து வெளிவர விரும்பிய இந்துக்களும். முஸ்லிம்கள் மிகச் சிலரே. நிக்காஹ், தலாக், வாரிசுப் பங்கு ஆகியவற்றை மார்க்கச் சட்டத்திலிருந்து எடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்திடம் கொடுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. வணிகருக்கு அரசு ஊதியத்தின் கவர்ச்சியும் இல்லை. அவர்கள் செய்தது சரி என்றே நமக்குப் படுகிறது. கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்று தெளிவாக அறிந்து, வேண்டாம் என்றார்கள். தனிச்சட்டத்தைத் துறக்காமலே பிரெஞ்சு நாட்டினராக இருந்தார்கள். அதுவே பின்னர் அவர்களுக்குக் கைகொடுத்தது.

1956-இல் தென் வியட்நாமில் இங்கோ தின் சியெம் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: பதினொரு தொழில்கள் அயல்நாட்டவருக்கு இல்லை. துணி, பட்டுச் சில்லறை விற்பனை அவற்றுள் ஒன்று. குறி சீன வணிகர்கள். ஆனால் அடி நம் துணிக்கடைகளிலும் விழுந்தது. அதே 1956-இல், மே 28 அன்று, இந்தியாவும் பிரான்சும் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வர ஆறு ஆண்டுகள் பிடித்தன. வந்த நாள் 1962 ஆகஸ்டு 16.

அந்த உடன்படிக்கையின் குடியுரிமைப் பிரிவுகள் ஒரு நாவலுக்குரிய விசித்திரம் உடையவை. அங்கே பிறந்து அன்று அங்கேயே வசித்துவந்த பிரெஞ்சு நாட்டினர், எதுவும் செய்யாவிட்டால் இந்தியர் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே மூன்றாம் நாட்டில் வசித்துவந்தவர்களோ, எதுவும் செய்யாவிட்டால் பிரெஞ்சுக்காரராகவே தொடர்வர். இந்தியக் குடியுரிமை வேண்டுமானால் அவர்கள்தான் எழுத வேண்டும். ஆக, காரைக்காலில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில், கடையைப் பார்க்கச் சைகோனில் தங்கிய அண்ணன் பேனாவைத் தொடாமலே பிரெஞ்சுக்காரர். உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் தங்கிய தம்பி பேனாவைத் தொடாமலே இந்தியர். அதே சைகோன் கடையில் பங்காளியாக இருந்த கூத்தாநல்லூர்க்காரருக்கு இந்தப் பேச்சே இல்லை. அவர் பிறந்தது ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில்.

கெடு 1963 பிப்ரவரி நடுவில் முடிந்தது. அந்த ஆண்டு அது ரமழான் மாதம். தராவீஹுக்குப் பின் திண்ணைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம். கையொப்பமிட்டால் பிறந்த ஊரிலேயே அயல்நாட்டவர். இடாவிட்டால் சைகோனுக்கும் பாரிசுக்கும் போகும் வழி அடைபடலாம். இங்கும் அந்தக் கட்டம் வந்தது: பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட மணமாகாத பிள்ளைகளின் நாட்டுரிமையைத் தந்தையின் அறிவிப்பே தீர்மானிக்கும், தந்தை இல்லையெனில் தாய். பிள்ளைகளின் பெயர் அறிவிப்பில் குறிக்கப்பட வேண்டும். எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சிலர் நாட்டுப்பற்றால், சிலர் தயக்கத்தால், சிலர் செய்தி எட்டாததால்.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. சில ஆண்டுகளில் தனியார் வணிகமே அங்கு இல்லாமல் போயிற்று. கடையும் சரக்கும் எல்லோருக்கும் போயின. பிரெஞ்சுத் தாள் வைத்திருந்தவர்களுக்குப் போக ஒரு பாரிசு இருந்தது. இந்தியத் தாள் வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். ஆனால் அவர்களுக்கு வீடும் உம்மாவும் இருந்தன. இதில் யார் வென்றார், யார் தோற்றார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. காரைக்காலில் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாரிசில். பெருநாளைக்கு வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

பர்மாவைப் பற்றி நீட்டி எழுதவில்லை. 1964-இல் கடைகள் தேசியமயமானதும், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆனதும், அகதிகளாக வந்தவர்கள் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜாரை உண்டாக்கியதும் நம் வாசகர் அறிந்தவையே. சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று மலபார்க் கதை. பிரிவினைக்கு முன்னிருந்தே மலபார் முஸ்லிம்கள் கராச்சியில் தேநீர்க்கடை, உணவகம் என்று பிழைத்துவந்தார்கள். 1952 அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே பாஸ்போர்ட் முறை வந்தபோது, ஊர் திரும்ப ஏதாவது ஒரு தாள் வேண்டியிருந்தது. கையில் கிடைத்தது பாகிஸ்தான் பாஸ்போர்ட். அவர்களுக்கு அது ரயில் சீட்டைப் போன்ற ஒன்று. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமை விதிகள், வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பெற்றதே அந்நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்றதற்கு முடிவான சான்று என்றன. 1962-இல் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றது. பிறந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள் ‘பாக் பௌரன்’ ஆனார்கள். காவல் நிலையத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள். சென்னைக் காவல் ஆணையரை எதிர்த்து வந்த ஒரு வழக்கில், 1965-இல் உச்ச நீதிமன்றம் சற்று இடம் கொடுத்தது: பாஸ்போர்ட்டைத் தாமாக விரும்பிப் பெறவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை விசாரித்தே தீர வேண்டும் என்றது. ஆனால் இன்று காசு கொடுத்துத் தீவுப் பாஸ்போர்ட் வாங்குபவர் அந்த வாதத்தை எடுத்துவைக்க முடியாது.

ஏனெனில் சட்டத்தின் வேர் மாறவில்லை. அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்றால் இந்தியக் குடியுரிமை அந்தக் கணமே நீங்கும். யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை, தானே நீங்கும். ‘இரண்டாவது பாஸ்போர்ட்’ என்று ஆலோசகர்கள் சொல்வது நம் நாட்டவரைப் பொறுத்தவரை தவறான சொல். இந்தியருக்கு இரண்டாவது என்று ஒன்று இல்லை. முதலாவது போய், வேறொன்று வருகிறது. 2022-இல் 2,25,620 பேரும், 2023-இல் 2,16,219 பேரும் இந்தியக் குடியுரிமையை விட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கு ஈடாகக் காட்டப்படுவது ஓ.சி.ஐ. அட்டை. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விரிவாக்கப்பட்ட ஏற்பாடு. வாழ்நாள் விசா போன்றது, பயனுள்ளது. ஆனால் வாக்குரிமை இல்லை. விளைநிலமோ தோட்டமோ வாங்க முடியாது. 2019-க்குப் பின், அரசு அறிவிக்கும் சட்டங்களை மீறினால் அட்டை ரத்தாகவும் கூடும். பெயரில் குடியுரிமை என்ற சொல் இருப்பதால் அது குடியுரிமை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உள்ளனர்.

தங்குரிமை வேறு. அமீரகம் 2019-இல் தொடங்கிய கோல்டன் விசா, இருபது லட்சம் திர்ஹம் மதிப்புள்ள வீட்டுக்கும் கிடைக்கிறது, பத்தாண்டு, புதுப்பிக்கலாம். கஃபீலின் தயவில் இகாமா புதுப்பித்த தலைமுறைக்கு இது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. இந்தியக் குடியுரிமையும் அப்படியே இருக்கும். ஆனால் அது விசா, கொடுத்தவர் நிறுத்தலாம். போர்ச்சுகல் 2012-இல் திறந்த வீட்டு முதலீட்டு வழியை 2023-இல் மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் தன் திட்டத்தையே முடித்துக்கொண்டது. அதே மாதம் 29-ஆம் நாள், மால்டா பணத்துக்குக் குடியுரிமை கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்குப் புறம்பானது என்று ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1984-இல் இந்த வணிகத்தை முதன்முதலில் தொடங்கிய செயின்ட் கிட்ஸ் முதலான நான்கு தீவு நாடுகள், 2024-இல் குறைந்த விலை இரண்டு லட்சம் டாலர் என்று தமக்குள் உடன்பட்டன. சரக்கின் விலையைப் போலவே பாஸ்போர்ட்டின் விலையும் பேசி முடிக்கப்படுகிறது.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம். இந்தியச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, தந்தையோ தாயோ அறிவிப்பு எழுதிக் குடியுரிமையைத் துறந்தால் மைனர் பிள்ளையின் குடியுரிமையும் போகும் என்கிறது. பதினெட்டு வயது நிறைந்த ஓராண்டுக்குள் அந்தப் பிள்ளை அறிவிப்பு எழுதி அதைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பலர் இதைப் படித்து நிம்மதி அடைகிறார்கள். பிள்ளை பெரியவனானால் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

1998 டிசம்பரில் இந்தியத் தம்பதியர் இருவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். அப்போது பிள்ளை தாயின் வயிற்றில். 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பிறந்தான். பதினெட்டு வயது நிரம்பியதும் இந்தியக் குடியுரிமையை மீட்டுத் தருமாறு விண்ணப்பித்தான். அரசு மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு அமர்வும் அதையே சொன்னது. ஆனால் 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 8-ஆம் பிரிவின் மீட்பு உரிமை, பெற்றோர் அறிவிப்பு எழுதித் துறந்த நேர்வுக்கு மட்டுமே உரியது. இந்தப் பெற்றோரின் குடியுரிமையோ அயல்நாட்டுக் குடியுரிமையை ஏற்றதால் 9-ஆம் பிரிவின்படி தானாகவே நீங்கியது. ஆகவே பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை என்றது. தீவுப் பாஸ்போர்ட் வாங்குவோர் அனைவரும் விழுவது இந்த 9-ஆம் பிரிவில்தான்.

1881-இன் ஆணை மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்தது. 1962-இல் தந்தையின் அறிவிப்பு பதினெட்டு வயது வரை கட்டியது. 2024-இல் அது வயிற்றிலிருந்த பிள்ளை வரை எட்டிவிட்டது.

சென்ற வாரம் மறுபடி கோவிலம்பாக்கம் போனோம். பெரியவர் தீவுத் திட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அமீரக விசாவை இன்னும் யோசிக்கிறார்கள். நாம் மேற்சொன்ன வழக்கைச் சொன்னபோது, அவர்கள் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை மகனிடம் எடுத்துவரச் சொன்னார்கள். அதனுள் புதுப்பிக்கப்பட்ட தங்கு அனுமதிகள் ஒரு கட்டு, கடையின் கணக்குப் புத்தகம் ஒன்று, 1951-இல் வாங்கி நிரப்பாமல் விட்ட ஒரு விண்ணப்பப் படிவம். பெயர் எழுதப்பட்டிருந்தது, தொழில் எழுதப்பட்டிருந்தது. மனைவி வசிக்கும் இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுத்து நின்றிருந்தது. மருமகள் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து, பெட்டியில் வைக்காமல், தம் அலமாரியில் வைத்துக்கொண்டார்.